திரையில் தெரியும் எண் யாருடையது? ஐஸ் ஹாக்கி மேலாண்மை விளையாட்டு: தொடங்குபவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் என் அக்கா வீட்டு முன்னறையில், மாலை ஆறு மணிக்கு மேல் நான்கைந்து பையன்கள் ஒரு பழைய மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். உறைபனியை நேரில் பார்த்தே இராத பிள்ளைகள். ஐஸ் என்றால் அவர்களுக்குக் காசிமேட்டில் மீன்பெட்டிக்குள் அள்ளிக் கொட்டும் நொறுக்கிய ஐஸ்தான். ஆனாலும் ஆளுக்கொரு ஐஸ் ஹாக்கி அணியை நடத்துகிறார்கள். ஒருவனுக்கு டெட்ராய்ட், இன்னொருவனுக்கு ஹெல்சிங்கி.

போன மாதம் அக்கா மகன் முகம் வாடிப்போய் என்னிடம் வந்தான். “என் அணியில் எல்லாருக்கும் பெரிய பெரிய எண் இருக்கிறது மாமா. ஆனாலும் தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றுவிட்டேன். கம்ப்யூட்டர் என்னை ஏமாற்றுகிறதா?” என்று கேட்டான். அவன் கூட்டாளிகள் அதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டிருந்தார்கள்: இன்னும் பெரிய எண் உள்ளவனாகப் பார்த்து வாங்கு.

கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது என்பதும், பெரிய எண்ணை வாங்கினால் சரியாகிவிடும் என்பதும் இந்த விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிற இடத்திலெல்லாம் காதில் விழுகிற பேச்சு. இரண்டுக்கும் வேர் ஒன்றே. திரையில் தெரியும் எண்தான் அந்த வீரர் என்று நம்பிவிடுகிறோம். பெரும்பாலான நேரம் அந்த எண், நீங்கள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் யாரோ ஒருவருடைய கருத்து மட்டுமே. இது பிடிபட்டால், வீரர்களைப் பார்ப்பதற்கு முன்னால், பயிற்சியாளர்களும் வீரர்களை மதிப்பிடுகிறவர்களும் அடங்கிய பணிக்குழுவை ஏன் பார்க்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், எந்த ஹாக்கி?

நம் ஊரில் ஹாக்கி என்றதும் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம்தான் நினைவுக்கு வரும். 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்றது அங்கேதான். பெரம்பூர் ஐ.சி.எஃப். அணியின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களும் வடசென்னையில் உண்டு. ஐஸ் ஹாக்கி அந்த ஆட்டத்துக்குத் தூரத்து உறவு. வட அமெரிக்க அளவில் 200 அடி நீளம், 85 அடி அகலம் கொண்ட பனித்தளம். பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு. களத்தில் கோல்காப்பாளரையும் சேர்த்து ஓர் அணிக்கு ஆறு பேர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள்.

ஆறு பேர்தானே என்று எண்ணிவிடக் கூடாது. இந்த ஆட்டம் மூச்சை வாங்கிவிடும். ஒரு வீரர் பனியில் இறங்கினால் முக்கால் நிமிடம் போல உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வெளியே வந்துவிடுவார், அடுத்தவர் உள்ளே குதிப்பார். ஆட்டத்தை நிறுத்தாமலே இது நடந்துகொண்டிருக்கும். அதனால் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், அதாவது என்.எச்.எல். போட்டிகளில், ஓர் ஆட்டத்துக்கு 18 ஆட்டக்காரர்களும் 2 கோல்காப்பாளர்களும் ஆயத்தமாக இருப்பார்கள். நான்கு நட்சத்திரங்களை வாங்கிவிட்டு மீதியை ஒப்பேற்றலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

மேலாண்மை விளையாட்டு என்பது நீங்கள் மட்டையைத் தொடாத விளையாட்டு. நீங்கள் அணியின் பொது மேலாளர். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு சம்பளம், யாரை யார் பயிற்றுவிப்பது என்று முடிவு செய்வீர்கள். ஆட்டத்தைக் கணினி நடத்திக் காட்டும். பின்லாந்துக்காரரான ரிஸ்டோ ரெமெஸ் உருவாக்கிய ‘ஈஸ்ட்சைட் ஹாக்கி மேனேஜர்’ 2001இல் இலவசமாக வெளிவந்தது. 2004இல் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் அதை விற்பனைப் பதிப்பாகக் கொண்டுவந்தது, 2015இல் புதுப்பித்த பதிப்பும் வந்தது. ‘ஃபிரான்சைஸ் ஹாக்கி மேனேஜர்’ 2013இல் தொடங்கிய இன்னொரு வரிசை. நுணுக்கங்கள் ஒன்றுக்கொன்று மாறும். அடியில் ஓடும் இயந்திரம் ஏறத்தாழ ஒன்றுதான்.

எண் செய்யும் வேலை: தாயக்கட்டை

ஒவ்வொரு வீரருக்கும் சறுக்கு வேகம், பக்கைக் கடத்தும் நேர்த்தி, கோலை நோக்கி அடிக்கும் வலு, ஆட்டத்தைப் படிக்கும் அறிவு என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பொதுவாக 1 முதல் 20 வரை ஓர் எண். இதைத் திறன் எண் என்று வைத்துக்கொள்வோம்.

பாட்டி வீட்டில் தாயம் ஆடியிருப்பீர்கள். ஒழுங்கான கட்டை என்றால் எந்தப் பக்கமும் விழலாம். கட்டையின் ஒரு பக்கத்தில் துளி ஈயத்தை ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? ஒரே ஒரு முறை உருட்டினால் உங்களுக்கு எதுவும் தெரியாது. இருநூறு முறை உருட்டினால் ஒரு பக்கம் அதிகமாக விழுவது பளிச்சென்று தெரிந்துவிடும். திறன் எண் அந்த ஈயத்துளிதான். 16 எண் கொண்ட முன்கள வீரரும் 10 எண் கொண்ட தடுப்பு வீரரும் மோதும்போது 16 ஒவ்வொரு முறையும் வெல்லாது. கட்டை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கணினி ஓர் ஆட்டத்தில் இப்படி நூற்றுக்கணக்கான தடவை கட்டையை உருட்டிப் பார்க்கிறது.

நீண்ட காலமாக 82 ஆட்டங்கள் கொண்டதாக நடந்துவந்த என்.எச்.எல். பருவத்தில், முதல் மூன்று ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒருவரைக் கழித்துக் கட்டுவது பெரிய தவறு. குறைந்தது இருபது ஆட்டமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கட்டையின் சாய்வு நடுவில் மாறுவதும் உண்டு. களைப்பு, மனநிலை, பக்கத்தில் ஆடும் துணை, எதிரில் நிற்கும் ஆள் எல்லாம் அதைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தும். இது போக, பல விளையாட்டுகளில் திரைக்கே வராத எண்களும் இருக்கும்: ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே தரத்தில் ஆடுகிறாரா, எளிதில் காயப்படுகிறாரா, பெரிய ஆட்டத்தில் கை நடுங்குகிறாரா, பயிற்சியில் ஒழுங்காக இருக்கிறாரா. இவற்றை மறைபண்புகள் என்போம். 17 எண்ணோடு ஒருவர் பத்து ஆட்டத்தில் ஆறில் காணாமல் போய்விடுகிறார் என்றால், கோளாறு பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்ப்போம். எண் வெற்றிக்கு உத்தரவாதம் தருவதில்லை, வாய்ப்பை ஒரு பக்கம் சாய்க்கிறது. அந்தச் சாய்வு தெரிவதற்கே நாளாகும். முக்கியமான சில எண்கள் நம் கண்ணிலேயே படுவதில்லை.

அந்த எண்ணைச் சொன்னது யார்? காசிமேட்டு ஏலம்

விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடக்கும்போது ஓரமாக நின்று பாருங்கள். ஒரே கூடை வஞ்சிரம். பழகிய வியாபாரி அம்மா ஒருவர் குனிந்து, செவுளை விரலால் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பார், வயிற்றை ஒரு தரம் அழுத்துவார், கண்ணைப் பார்ப்பார். மூன்று நொடியில் விலை அவர் வாயில் வந்துவிடும். அதே கூடையை நானும் பார்ப்பேன். பளபளப்பாக இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. மீன் பிடிபட்டது நேற்றா முந்தாநாளா என்ற உண்மை ஒன்றுதான். பார்க்கிற கண்தான் வேறு.

ஹாக்கி மேலாண்மை விளையாட்டில் அந்த அம்மாவின் இடத்தில் இருப்பவர் ஸ்கவுட். ஊர் ஊராகப் போய் மற்ற அணி வீரர்களையும் இளம் பையன்களையும் பார்த்து, உங்களுக்கு அறிக்கை எழுதி அனுப்புகிறவர். ஒரு வீரரின் உண்மையான எண் கணினியின் நினைவகத்தில் ஒளிந்திருக்கிறது. திரைக்கு வருவது அந்த உண்மையோடு ஸ்கவுட்டின் பிழையும் கலந்த எண். இப்படி மறைத்துக் காட்டும் முறையை வேண்டாம் என்று அணைத்துவைக்கும் வசதியும் சில விளையாட்டுகளில் உண்டு. அணைத்துவிட்டு ஆடுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விளையாட்டின் சாரமே போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

பிழை எவ்வளவு இருக்கும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்யும். ஸ்கவுட்டின் கண் எவ்வளவு கூர்மை என்பது முதலாவது. ஏனென்றால் ஸ்கவுட்டுக்கும் திறன் எண் இருக்கிறது. அதிலும் இன்றைய ஆட்டத்தை எடைபோடும் கண் ஒன்று, நாளைக்கு எவ்வளவு வளர்வான் என்று கணிக்கும் கண் இன்னொன்று. ஒன்றில் வல்லவர் மற்றதில் சுமாராக இருக்கலாம். அடுத்து, எத்தனை முறை பார்த்தார்? ஒரே ஆட்டத்தைப் பார்த்து எழுதிய அறிக்கைக்கும் எட்டு ஆட்டம் பார்த்து எழுதியதற்கும் நிறைய வேற்றுமை உண்டு. கடைசியாக, அந்த நாட்டு ஹாக்கியை அவர் அறிந்தவரா? ஸ்வீடனில் பழகியவரை ரஷ்யாவுக்கு அனுப்பினால், வஞ்சிரம் பார்த்துப் பழகிய கண்ணை நண்டுக் கூடைக்கு முன்னால் நிறுத்திய மாதிரி.

பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்லாத இடம் ஒன்று இங்கே இருக்கிறது. அக்கா மகன் ஒன்பது ஆட்டம் தோற்றதற்கு அதுதான் காரணம்.

நூறு வீரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருடைய உண்மை எண்ணும் 12 என்றே வைப்போம். உங்கள் ஸ்கவுட் சுமாரானவர். சிலருக்கு 10 என்று எழுதுவார், சிலருக்கு 12, சிலருக்குத் தவறிப்போய் 15. இப்போது நீங்கள் பட்டியலை எண் வாரியாக அடுக்கி மேலே இருக்கும் ஐந்து பேரை வாங்குகிறீர்கள். யாரை வாங்கியிருக்கிறீர்கள்? சிறந்த ஐவரையா? ஸ்கவுட் யாரிடம் அதிகமாக ஏமாந்தாரோ அந்த ஐவரை. ஏலத்திலும் இதே கதைதான் நடக்கிறது. எல்லாரும் கண்ணால் மதிப்பிட்டுக் கேட்கும்போது கூடை யார் கைக்குப் போகிறது? அதை எல்லாரையும் விட உயர்வாக எடைபோட்டவர் கைக்கு. சரியாக எடைபோட்டவர்கள் முன்னாலேயே நின்றுவிட்டிருப்பார்கள்.

பையன் செய்தது இதுதான். நட்சத்திரங்களுக்குச் சம்பளம் வேண்டும் என்று பத்து ஸ்கவுட்டில் ஏழு பேரை அனுப்பிவிட்டான். மீதி மூன்று பேரின் மங்கலான அறிக்கையை வைத்துக்கொண்டு உச்சியில் தெரிந்த எண்களைப் பிடித்திழுத்தான். அவன் 16 என்று வாங்கியவர்கள் நிஜத்தில் 13 பக்கம் இருந்திருப்பார்கள். கம்ப்யூட்டர் அவனை ஏமாற்றவில்லை. கண்களை விற்றுவிட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறான்.

சொந்த அணி வீரர்களின் எண் பொதுவாக இவ்வளவு பிசகாது, ஏனென்றால் உங்கள் பயிற்சியாளர்கள் அவர்களைத் தினமும் பார்க்கிறார்கள். அதனால் வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரத்தில் நீங்கள் தெளிவாக அறிந்த ஒருவரைக் கொடுத்து, மங்கலாக அறிந்த ஒருவரை வாங்குகிறீர்கள். எதிரணி அவரைத் தினமும் பார்த்திருக்கிறது. அவர்கள் விற்கத் துடித்தால், ஏன் என்று ஒரு கணம் நின்று யோசியுங்கள்.

இதற்கு மாற்று வழி எளிது, பொறுமைதான் வேண்டும். ஒருவரை வாங்குவதற்கு முன் இரண்டு ஸ்கவுட்டுகளைத் தனித்தனியே அனுப்புங்கள். இருவரும் ஒரே திசையில் எழுதினால் நம்பலாம். நான்கு எண் வேறுபட்டால், இன்னும் யாருக்கும் தெரியவில்லை என்று பொருள். ஸ்கவுட்டின் பழைய அறிக்கைகளையும் ஆண்டுக்கொரு முறை எடுத்துப் பாருங்கள். இரண்டு வருடம் முன்பு அவர் புகழ்ந்த பையன்கள் இப்போது எங்கே ஆடுகிறார்கள் என்பதைவிடப் பெரிய சான்றிதழ் அவருக்கு இல்லை.

குடமும் தண்ணீரும்

திறன் எண்ணுக்கு அடுத்தபடியாக அதிகம் குழம்புவது ‘வளர்திறன்’. ஒரு வீரர் வாழ்நாளில் அதிகபட்சம் எந்த உயரத்தைத் தொடலாம் என்பதைக் குறிக்கும் அளவு அது. விளையாடுகிறவர்கள் பலர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறார்கள். “இவனுக்கு வளர்திறனில் ஐந்து நட்சத்திரம், மூன்று வருடத்தில் தானாக வந்துவிடுவான்” என்று பேசுவார்கள்.

தண்ணீர் லாரி வரும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வரிசையில் பெரிய குடமும் இருக்கும், சின்னக் குடமும் இருக்கும். குடத்தின் கொள்ளளவு வளர்திறன். உள்ளே இப்போது இருக்கும் தண்ணீர் இன்றைய திறன். பெரிய குடமாக இருப்பதாலேயே அது நிரம்பிவிடுமா? லாரி வந்த நேரத்தில் அது குழாய்க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். ஆடும் நேரம், பயிற்சியின் தரம், வீரரின் ஒழுக்கம், வயது என்று தண்ணீர் நான்கு வழியில் வருகிறது. வயது கடந்துவிட்டால் லாரி போய்விட்டது. முக்கால் குடத்தோடு காலம் முழுவதும் இருக்க வேண்டியதுதான்.

19 வயதுப் பையனைப் பெரிய அணியில் சேர்த்து, ஓர் ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் மட்டும் இறக்கிவிட்டு மீதி நேரம் பெஞ்சில் உட்காரவைப்பது தொடங்குபவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. துணை அணியில் இருந்தால் அவன் இருபது நிமிடம் ஆடியிருப்பான். ஒவ்வொரு என்.எச்.எல். அணிக்கும் கீழே, இளைஞர்களைப் பழக்கும் துணை அணி ஒன்று உண்டு. அதை நாற்றங்கால் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அனுப்புவது தண்டனை ஆகாது. ஆனால் அனுபவமுள்ள வீரரை அப்படிக் கீழே அனுப்பும்போது ஒரு கண்ணி இருக்கிறது. அதற்கு ‘வெய்வர்’ என்று பெயர். அவரை அனுப்பும் முன் மற்ற எல்லா அணிகளுக்கும் 24 மணி நேரம் கொடுக்க வேண்டும். யாராவது எனக்கு வேண்டும் என்றால் அவர் போய்விடுவார், பதிலுக்கு உங்களுக்கு வேறு வீரர் வரமாட்டார். கீழே அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் வரும் எச்சரிக்கையைப் படித்துவிடுங்கள்.

நிஜ உலகத்திலிருந்து ஒரு நாளைச் சொல்கிறேன். 18 வயது தொட்ட இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 1999ஆம் ஆண்டு டிராஃப்டில் முதலாவதாக அழைக்கப்பட்டவர் பேட்ரிக் ஸ்டெஃபான். எல்லார் கண்ணிலும் பெரிய குடம். அவர் என்.எச்.எல்.லில் 455 ஆட்டம் ஆடி 188 புள்ளிகள் எடுத்தார். இங்கே புள்ளி என்பது அடித்த கோலும், கோலுக்குக் கைகொடுத்த பாஸும் சேர்ந்தது. அதே டிராஃப்டில் 210ஆவதாக டெட்ராய்ட் எடுத்த ஸ்வீடன் பையன் ஹென்ரிக் செட்டர்பெரி 1,082 ஆட்டங்களில் 960 புள்ளிகள் எடுத்தார். 2008இல் அணி என்.எச்.எல். சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, பிளேஆஃப் எனப்படும் இறுதிக்கட்டச் சுற்றுகளின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. 1998ஆம் ஆண்டு டிராஃப்டில் அதே அணி 171ஆவதாக எடுத்தவர் பாவெல் டாட்ஸ்யூக், பின்னாளில் உலகமே வியந்த ஆட்டக்காரர். டெட்ராய்ட்டின் ஐரோப்பிய ஸ்கவுட் ஹோகன் ஆண்டர்சன், வேறொரு இளைஞனைப் பார்க்கப் போன இடத்தில் டாட்ஸ்யூக்கைக் கண்டார். சந்தையில் எல்லாரும் ஒரு கூடையைச் சுற்றி நின்றபோது, ஒருவர் மட்டும் ஓரத்துக் கூடையின் செவுளைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

கோல்காப்பாளர்களின் குடம் இன்னும் மெதுவாக நிரம்பும். ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2000ஆம் ஆண்டு 205ஆவதாக எடுக்கப்பட்டார். ஸ்வீடனிலேயே ஆடித் தேறி, 2005இல்தான் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக இறங்கினார். 20 வயது கோல்காப்பாளரை உதவாதவன் என்று விற்றுவிடும் பையன்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இந்தப் பகுதியில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவே: வளர்திறன் கொள்ளளவு மட்டும், நிரப்புவது உங்கள் வேலை, அந்தக் கொள்ளளவைக்கூட ஸ்கவுட் கண்ணால்தான் அளந்திருக்கிறார்.

நிரப்புகிற கைகள்

பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில், நாம் ஐ.சி.எஃப். என்று சொல்கிற இடத்தில், ரயில் பெட்டியின் கூட்டை ஒரு பிரிவு செய்கிறது. இருக்கையும் விளக்கும் மின்விசிறியும் பொருத்தி முடிப்பது இன்னொரு பிரிவு. வெல்டிங்கில் கைதேர்ந்தவரை மின்கம்பி இழுக்கச் சொன்னால் இரண்டு வேலையும் கெடும். பணிக்குழுவை அமர்த்தும்போது இந்த எண்ணம் மனதில் இருக்க வேண்டும்.

தலைமைப் பயிற்சியாளர் ஆட்ட முறையைத் தீர்மானிக்கிறார், வீரர்களின் மனநிலையைக் கையாளுகிறார். அவருடைய முறை வேகமாகப் பாய்ந்து தாக்குவது, உங்கள் வீரர்கள் கனத்த உடம்புக்காரர்கள் என்றால் இருதரப்பும் வீணாகும். துணைப் பயிற்சியாளர்கள் முன்கள ஆட்டம், தடுப்பு, கோல்காப்பு என்று பிரித்துக்கொண்டு பயிற்சி தருகிறார்கள். இவர்களுடைய எண்தான் குடத்துக்கு வரும் குழாயின் தடிமன். பிசியோதெரபி நிபுணர் காயத்திலிருந்து மீளும் நாட்களைக் குறைக்கிறார்.

பெயர்பெற்ற பயிற்சியாளர் என்பதற்காக ஒருவரை அமர்த்திவிடாதீர்கள். புகழ் ஓர் எண், பயிற்றுவிக்கும் திறன் வேறோர் எண். இளைஞர்களோடு பழகும் திறன் இன்னொன்று. அது யாரிடம் உயர்ந்திருக்கிறதோ, அவருக்குப் பெயரே இல்லாவிட்டாலும் துணை அணியின் பொறுப்பைக் கொடுங்கள். எனக்குத் தெரிந்து பணிக்குழுவில் செலவழிக்கும் பணத்துக்கு இதைவிட நல்ல பலன் தரும் இடம் வேறில்லை. ஒரு நட்சத்திர வீரரின் ஒரு மாதச் சம்பளத்தில் இப்படிப்பட்ட ஒருவரை வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். அவர் ஒரே சமயத்தில் பத்துப் பையன்களை நிரப்புவார்.

ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரே பயிற்சியாளர் தலையில் இருபத்தைந்து பேரைக் கட்டினால், அவர் எவ்வளவு வல்லவரானாலும் பயிற்சி நீர்த்துப்போகும்.

லைன்: கேரம் இரட்டையர் ஆட்டம் போல

ஐஸ் ஹாக்கியில் வீரர்கள் பெரும்பாலும் தனித்தனியாக மாறுவதில்லை, கூட்டமாக மாறுகிறார்கள். மூன்று முன்கள வீரர்கள் சேர்ந்தது ஒரு லைன். வழக்கமாக நான்கு லைன்களும், இரண்டிரண்டு பேராகத் தடுப்பு வீரர் மூன்று ஜோடியும் இருக்கும்.

வடசென்னையில் கேரம் பலகை இல்லாத தெரு குறைவு. இரட்டையர் ஆட்டத்தில் எதிரும் புதிருமாக உட்காரும் இருவரைக் கவனித்திருப்பீர்கள். பழகிய ஜோடியில் ஒருவர் தன்னால் போட முடியாத காயை, துணைவருக்கு எளிதாக விழும் இடத்துக்குத் தள்ளிவைப்பார். ஒரு பேச்சும் நடக்காது. ஊரின் இரண்டு பெரிய கைகளைப் புதிதாகச் சேர்த்து உட்காரவைத்தால், இருவரும் சிவப்புக் காயையே குறிவைத்து ஆட்டத்தைக் கெடுப்பார்கள். இந்தப் பழக்கத்துக்குத்தான் ஒத்திசைவு என்று பெயர். பல விளையாட்டுகள் சேர்ந்து ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கையையும், குணங்கள் பொருந்துவதையும் வைத்து இதைக் கணக்கிடுகின்றன.

ஆகவே ஒரு லைனில் பக்கைக் கடத்துகிறவர் ஒருவர், முடிக்கிறவர் ஒருவர், மூலையில் முட்டிமோதி பக்கை மீட்டுத் தருகிறவர் ஒருவர் என்று அமைத்துவிட்டுக் கொஞ்ச நாள் கைவைக்காமல் இருங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் லைனைக் கலைத்து அடுக்குகிறவர்களுக்கு ஒத்திசைவு ஒருபோதும் கூடிவராது.

பணத்துக்கு ஓர் எல்லை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2004-05 பருவம் சம்பளத் தகராறில் முழுவதும் ரத்தாகி, அடுத்த பருவம் முதல் என்.எச்.எல்.லில் சம்பள உச்சவரம்பு வந்தது. ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளம் தாண்டக்கூடாத எல்லை அது. முதல் ஆண்டில் 3 கோடியே 90 லட்சம் டாலர். 2025-26 பருவத்தில் 9 கோடியே 55 லட்சம் டாலர். தீபாவளி போனஸோடு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போன குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மூத்தவளுக்கு முதல் கடையிலேயே பட்டுப்புடவை எடுத்துவிட்டால், கடைசிப் பையனுக்குச் சட்டை எடுக்கும்போது கை வெறுமையாக இருக்கும். உங்கள் அணியிலும் இப்படி இருபது பேருக்குச் சம்பளம் வேண்டும். நல்ல செய்தி, இந்த எல்லை வீரர்களின் சம்பளத்துக்கு மட்டும்தான். பயிற்சியாளரும் ஸ்கவுட்டும் அதில் வரமாட்டார்கள். பிறகு எதற்கு அங்கே கஞ்சத்தனம்?

கொடுத்த வாக்கு

வீரர்களுக்கு மனநிலை என்ற அளவும் உண்டு. தோல்வியால் மட்டும் அது இறங்காது. முதல் லைனில் ஆடவைப்பேன் என்று சொல்லிச் சேர்த்தவரை நான்காவது லைனில் போட்டால், அவர் மறக்கமாட்டார். அவரோடு நெருங்கியவர்களும் சேர்ந்து சுருங்குவார்கள். பாராட்டும் கண்டிப்பும் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்யும். கண்டித்தால் ஒருவர் வீறுகொள்வார், இன்னொருவர் ஒரு வாரம் ஒடுங்கிப்போவார். யாரிடம் எது செல்லும் என்பதை உங்கள் துணைப் பயிற்சியாளர்தான் குறிப்பாகச் சொல்வார். இங்கேயும் அவருடைய கண்ணை நம்பித்தான் நீங்கள் பேசுகிறீர்கள்.

தடைக்காலத்தில் செய்ய வேண்டியது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் நம் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் அந்த நாட்களில் போய்ப் பார்த்தால் ஒருவரும் சும்மா இருக்கமாட்டார்கள். வலை பின்னுவார்கள், பலகை மாற்றுவார்கள், இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், அடுத்த பருவத்துக்கு யார் யார் எந்தப் படகில் என்று பேசி முடித்திருப்பார்கள். ஹாக்கி அணிக்கும் கோடைதான் அந்தக் காலம். ஜூன் கடைசியில் டிராஃப்ட், ஜூலை முதல் தேதியில் ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான சந்தை.

ஜூலை 1 அன்று எல்லாரும் வீரர் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு அடித்துக்கொள்ளட்டும். அதற்கு முன்பே நீங்கள் பணிக்குழுப் பக்கத்தைத் திறந்து, யாருடைய ஒப்பந்தம் முடிகிறது என்று பாருங்கள். நல்ல ஸ்கவுட்டின் ஒப்பந்தம் சத்தமில்லாமல் முடிந்து, அவர் வேறு அணிக்குப் போய்விடுவது எனக்கே நடந்திருக்கிறது. அதன் வலி அடுத்தடுத்த டிராஃப்டில்தான் தெரிந்தது. வருகிற டிராஃப்டில் எந்த நாட்டுப் பையன்கள் அதிகம் என்று பார்த்து, அந்த நாட்டை அறிந்த ஸ்கவுட்டை முந்தைய செப்டம்பரிலேயே அனுப்பிவிட வேண்டும். ஏப்ரலில் அனுப்பினால் அவர் பார்க்கப்போவது நாலைந்து ஆட்டம்தான்.

அக்கா மகன் அந்தப் பருவத்தைக் கடைசி இடத்தில் முடித்தான். கோடையில் இரண்டு நட்சத்திரங்களை விற்று, ஆறு ஸ்கவுட்டுகளையும் துணை அணிக்கு ஒரு பயிற்சியாளரையும் எடுத்தான். நேற்று போயிருந்தபோது பின்லாந்துப் பையன் ஒருவனைப் பற்றிய இரண்டு அறிக்கைகளை அடுத்தடுத்துத் திறந்துவைத்திருந்தான். ஒருவர் 15 என்கிறார், மற்றவர் 11. கூட்டாளிகள் வாங்கு வாங்கு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். “இன்னும் நாலு ஆட்டம் பார்த்துவிட்டு வரட்டும்” என்று சொல்லிவிட்டு மூன்றாவது ஸ்கவுட்டுக்குப் பயணச்சீட்டுப் போட்டான்.